வியாபாரியா, கொள்முதல் நிலையமா? நெல்லை எங்கே விற்பது?

கேள்வி: மன்னார்குடி பக்கத்தில் 5 ஏக்கர் சாகுபடி செய்கிறேன். 3 ஏக்கரில் சி.ஆர். 1009 ரகம், 2 ஏக்கரில் பி.பி.டி. 5204 ரகம். சம்பா அறுவடை நெருங்கிவிட்டது. வியாபாரி களத்துக்கே வந்து, எந்த ரகமானாலும் 62 கிலோ மூட்டை 1,350 ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். கொள்முதல் நிலையத்தில் போட்டால் நாள்கணக்கில் காவல் கிடக்க வேண்டும். அரசிடம்தான் விற்க வேண்டும் என்று கட்டாயம் உண்டா? ஒரு தடவை வெளியே விற்றால் அடுத்த போகத்தில் எடுக்க மாட்டார்கள் என்று சொல்கிறார்களே?

பதில்: கட்டாயம் எதுவும் இல்லை. நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் கொள்முதல் நிலையம், ஒழுங்குமுறை விற்பனைக்கூடம், தனியார் வியாபாரி, அரிசி ஆலை என்று யாருக்கு வேண்டுமானாலும் உங்கள் நெல்லை விற்கலாம். பாதியை ஒருவரிடமும் மீதியை இன்னொருவரிடமும் கொடுக்கலாம். இந்த வருடம் வெளியே விற்றதற்காக அடுத்த வருடம் மறுக்க கொள்முதல் நிலையத்துக்கு அதிகாரம் கிடையாது. இந்தக் கதையை ஊருக்குள் பரப்பியவர் யார் என்று கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள்.

இனி கணக்கு. 2025-26 பருவத்துக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து அரசு விலை, பொது ரகம் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545 ரூபாய். உங்கள் சி.ஆர். 1009 பொது ரகம். கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டையாகப் பிடிப்பார்கள், அதாவது மூட்டைக்கு 1,000 ரூபாய். வியாபாரி 62 கிலோவில் விலை சொல்வதால் இரண்டையும் ஒப்பிட முடியாமல் நம் ஆட்கள் தடுமாறுகிறார்கள். கிலோவுக்குக் கொண்டுவந்து பாருங்கள். அரசு விலையில் 62 கிலோவுக்கு 1,550 ரூபாய் வர வேண்டும். வியாபாரி சொல்வது 1,350. மூட்டைக்கு 200 ரூபாய் அப்போதே போய்விட்டது.

அதோடு முடியாது. சாக்குக்கு, ஈரத்துக்கு என்று 2 கிலோ சேர்த்து 64 ஆக எடை வைப்பார்கள். அது இன்னொரு 50 ரூபாய். ஏக்கருக்கு 30 மூட்டை என்று வைத்தால் உங்கள் 3 ஏக்கரில் 22,500 ரூபாய். களத்தில் தராசு நிற்கும்போது நீங்களோ வீட்டுப் பிள்ளைகளோ ஒருவர் பக்கத்திலேயே நின்று, மூட்டைக்கு மூட்டை நோட்டில் எழுதுங்கள். வியாபாரி எழுதிக் கொடுக்கும் துண்டுச் சீட்டை மட்டும் நம்பாதீர்கள்.

பி.பி.டி. கதை வேறு. சாப்பாட்டு அரிசிக்கு ஏற்ற சன்ன ரகம் என்பதால், அரசு விலையைவிடக் கூடுதலாக ஆலைக்காரர்கள் கொடுக்கும் நாட்கள் உண்டு. அதை சி.ஆரோடு சேர்த்து ஒரே விலைக்குக் கேட்பது உங்களை ஏமாற்றும் வேலை. 62 கிலோவுக்கு 1,580 ரூபாய்க்கு மேல், கூடுதல் எடை இல்லாமல், பணம் கையில் கிடைத்தால் தாராளமாக வெளியே கொடுங்கள். அதற்கு முன் மாதிரி நெல்லோடு விற்பனைக்கூடத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். அங்கே மறைமுக ஏலம், அதாவது ஒருவர் எழுதும் விலை இன்னொருவருக்குத் தெரியாது. விலை பிடிக்கவில்லை என்றால் நெல்லைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். உங்களிடம் தரகு கேட்கக் கூடாது.

இப்போது நான் மிகவும் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். உங்களிடம் வரும் வியாபாரியோ அவருடைய ஆளோ, "சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் நகல் கொடுங்க, நானே பதிவு பண்ணித் தர்றேன்" என்று கேட்பார். சிட்டா உங்கள் நிலத்துக்கான சான்று, அடங்கல் அதில் உள்ள பயிரின் கணக்கு. கொடுக்கவே கொடுக்காதீர்கள். மலிவாக வாங்கிய நெல்லை உங்கள் பெயரில் கொள்முதல் நிலையத்தில் போட்டு, அரசு விலையை எடுப்பதற்குத்தான் அது. உங்கள் நிலப்பரப்புக்கு உரிய நெல் உங்கள் பெயரில் ஏற்கெனவே போய்விட்டதாகப் பதிவாகிவிடும். அப்புறம் சொந்த நெல்லோடு நீங்கள் போய் நின்றால், "உங்கள் கணக்கு முடிந்துவிட்டதே" என்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் இப்படி ஏமாந்து, ஏற்றிப் போன நெல்லை அதே டிராக்டரில் திருப்பிக் கொண்டுவந்து, அதே வியாபாரியிடம் இன்னும் குறைத்துக் கொடுத்தார். அன்று அவர் முகம் இருந்த நிலையை நான் மறக்கவில்லை. கொள்முதல் நிலையத்தில் விற்பதற்கான பதிவை நீங்களே செய்யுங்கள். அப்போது செல்போனில் வரும் ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள். முன்பணம் வாங்கியிருந்தால் அதைப் பணமாகத் திருப்பிக் கொடுங்கள், நெல்லாகக் கழிக்க ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் தள்ளிவிடலாம். இயந்திரத்தில் அறுத்த நெல்லை அப்படியே ஏற்றிப் போகாதீர்கள். நன்றாக வெயில் காட்டி, தூற்றி, தை மாதப் பனி இறங்குமுன் படுதா போட்டு மூடுங்கள். ஈரமானி காட்டும் எண்ணை உங்கள் கண்ணால் பாருங்கள். மூட்டைக்கு இவ்வளவு என்று யாராவது கேட்டால், தூக்குகூலியை நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை என்று தெரிந்துகொண்டு பேசுங்கள்.

காத்திருப்புக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அறுவடை எந்த மாதம் என்று டெல்டாவில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் வருடா வருடம் சாக்கு இல்லை, லாரி இல்லை, கிடங்கில் இடம் இல்லை. 2025 அக்டோபரில் குறுவை நெல் மழையில் நனைந்து குவியலிலேயே முளைத்தது. ஈரப்பத வரம்பில் தளர்வு கேட்டு மாநிலம் கடிதம் எழுதியது, மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்தது. நெல் அதுவரை காத்திருக்குமா? இந்தத் தாமதம்தான் வியாபாரியின் முதலீடு. நீங்கள் மூன்று நாள் வெயிலில் நின்றால் நான்காம் நாள் அவர் விலைக்கு இறங்கி வருவீர்கள் என்று அவருக்குத் தெரியும்.

அதற்காகக் கொள்முதல் நிலையங்களை மூடிவிட்டு எல்லாவற்றையும் சந்தையிடம் விட்டால் போதும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பீகார் 2006இலேயே ஒழுங்குமுறைச் சந்தைச் சட்டத்தை எடுத்துவிட்டது. அரசு வாங்குவது அங்கே பலவீனமாக இருப்பதால், அந்த நெல்லை ஆதரவு விலைக்கும் கீழே வாங்கி, லாரியில் பஞ்சாப் வரை கொண்டுபோய் ஆதரவு விலைக்குத் தள்ளுகிறவர்கள் பிடிபட்டிருக்கிறார்கள். உங்கள் வியாபாரி 1,350 ரூபாயாவது சொல்கிறார் என்றால், ரோட்டோரத்தில் கொள்முதல் நிலையம் ஒன்று இருப்பதால்தான்.

யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம் என்று நான் சொன்னதெல்லாம் குத்தகைக்காரர்களுக்குப் பெரும்பாலும் காகிதத்தில்தான். உங்கள் 5 ஏக்கரும் சொந்தமா என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் சொல்கிறேன். வாய்மொழிக் குத்தகை என்றால் சிட்டா நில உரிமையாளர் பெயரில் இருக்கும். எழுதிக் கொடுத்தால் 1969ஆம் ஆண்டுக் குத்தகைப் பதிவுச் சட்டத்தில் குத்தகைக்காரர் உரிமை கேட்டுவிடுவாரோ என்று உரிமையாளர் தயங்குவார். கிராம நிர்வாக அலுவலரோ உரிமையாளரைக் கூட்டிவரச் சொல்வார். உரிமையாளர் சென்னையில் இருப்பார். கடைசியில் வெயிலிலும் சேற்றிலும் உழைத்தவர் வியாபாரியிடம் போகிறார். பயிர்க் காப்பீட்டிலும் இதே தகராறுதான். இந்தப் போகத்தில் இந்த நிலத்தில் பயிர் செய்தது இவர்தான் என்ற சான்றுக்கு அறுவடை நேரத்தில் அலையாதீர்கள். நாற்று விடும்போதே உரிமையாளரிடம் பேசி, கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து, அடங்கலில் சாகுபடியாளர் பெயர் ஏறியிருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். கோயில் நிலமானால் குத்தகை ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இந்தப் போகத்துக்கு அப்படி எதுவும் செய்யவில்லை என்றால், நாளைக்கே உரிமையாளரிடம் சம்மதக் கடிதம் வாங்கப் பாருங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் சி.ஆர். 1009ஐ இன்றே பதிவு செய்து, காயவைத்து, வரிசைக்குக் கொண்டுபோவேன். பி.பி.டி.யைத் தனியாக அறுத்துத் தனியாகக் காயவைத்து, வீட்டிலேயே அடுக்கிவிட்டு, இரண்டு கிலோ மாதிரியோடு விற்பனைக்கூடத்துக்கும் ஒரு ஆலைக்கும் போவேன். விற்பனைக்கூட விலையையும் ஆலை விலையையும் கேட்டுவிட்டு வந்து பேசுகிறேன் என்று அந்த வியாபாரியிடம் சொல்லி அனுப்புங்கள்.