கல்லூரிக் காட்சிக்குப் படம் கொடுக்கும்முன் ஒரு தாள் வாங்கிக்கொள்ளுங்கள்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஓவிய ஆசிரியர். மயிலாடுதுறைப் பக்கம் இருக்கிறேன். அருகிலுள்ள கலைக்கல்லூரி ஒன்றில் சிறிய ஓவியக் காட்சிக்கூடம் திறந்திருக்கிறார்கள். இரண்டு வாரக் காட்சிக்கு என் நீர்வண்ணப் படங்கள் பன்னிரண்டைக் கேட்கிறார்கள். 'ஒருங்கிணைப்பாளர்' என்று ஒருவர் படிவம் அனுப்பியிருக்கிறார். அதில் "காட்சிக்கு வைக்கப்படும் படைப்புகளின் அனைத்து உரிமைகளும் கல்லூரியைச் சாரும்" என்று ஒரு வரி, "சேதத்துக்குக் கல்லூரி பொறுப்பாகாது" என்று இன்னொரு வரி. படம் ஒன்றுக்கு 1,500 ரூபாய் பங்கேற்புக் கட்டணம், 500 ரூபாய் இன்சூரன்ஸ் கட்டச் சொல்கிறார். பன்னிரண்டில் ஒன்று, எங்கள் ஊர் டாக்டர் குடும்பத்துக்குப் பணம் வாங்கிக்கொண்டு வரைந்து கொடுத்த உருவப்படம். அவர்களிடம் இரவல் வாங்கித்தான் கொடுக்க வேண்டும். கொடுத்தால் படங்கள் பத்திரமாகத் திரும்பி வருமா?

பதில்: கல்லூரி முதல்வரின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள ஒரு தாளை நீங்கள் கையில் வாங்கிக்கொண்டால் வரும். வாங்காவிட்டாலும் வரலாம். ஆனால் அது அந்த நேரத்தில் அங்கே இருக்கும் மனிதர்களின் நல்ல குணத்தைப் பொறுத்தது. முதல்வர் மாற்றலாகிப் போவார், துறைத்தலைவர் ஓய்வுபெறுவார், புதிதாக வருபவருக்கு அந்தச் சுவரில் தொங்கும் படம் யாருடையது என்றே தெரியாது. கல்லூரி வராந்தாக்களில் ஆண்டுக்கணக்காகத் தொங்கிக்கொண்டிருக்கும் உரிமையாளர் தெரியாத படங்களில் பல இப்படித் தங்கிப்போனவைதான். யாரும் திருடவில்லை, யாரும் திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

முதலில் அந்தப் படிவம். நீங்கள் சொன்ன இரண்டு வரிகளையும் பேனாவால் அடித்து, அடித்த இடத்தில் சிறு கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். பயப்பட வேண்டாம். இப்படிப்பட்ட படிவங்கள் பெரும்பாலும் ஏதோ ஓவியப் போட்டி அறிவிப்பிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியவை. போட்டி நடத்துகிறவர்களுக்குப் பரிசுப் படத்தை வைத்துக்கொள்ள ஆசை, அதனால் அந்த வரி. உங்களுடையது போட்டி இல்லையே. கல்லூரியில் ஒருவரும் அதைப் படித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். அடித்து அனுப்பினால் 'சரி சார்' என்றுதான் சொல்வார்கள். சொல்லாவிட்டால் படம் கொடுக்காதீர்கள்.

சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. ஒரு பொருளை ஒரு காரியத்துக்காக ஒருவரிடம் ஒப்படைத்து, காரியம் முடிந்ததும் திரும்பப் பெறுவதைப் பற்றி 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் தெளிவாகப் பேசுகிறது. விவரமுள்ள ஒரு சாதாரண மனிதர் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்ளும் அளவுக்காவது, வாங்கி வைத்திருப்பவர் கவனம் காட்ட வேண்டும் என்கிறது 151-ஆம் பிரிவு. காலம் முடிந்தால் நீங்கள் கேட்காமலே திருப்பித் தர வேண்டும் என்கிறது 160. அவர்கள் தவறால் தாமதமானால், அதன்பிறகு நடக்கும் சேதத்துக்கும் அவர்களே பொறுப்பு என்கிறது 161. படத்துக்கு மரச்சட்டம் (ஃபிரேம்) போட்டுக் கொடுத்த கடைக்காரர் கூலி தரும்வரை படத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம், அவர் உழைத்திருக்கிறார். மின்சாரச் செலவு, விழாச் செலவு என்று சொல்லிக் கல்லூரி உங்கள் படத்தைப் பிடித்து வைக்க முடியாது. இதற்குமேல் பிரிவு எண்கள் உங்களுக்கு வேண்டாம்.

ஆனால் இந்தப் பிரிவுகள் எல்லாம் 'இந்தப் படத்தை, இந்த நாளில், இந்த நிலையில் கொடுத்தேன்' என்று காட்ட முடிந்தவருக்குத்தான் உதவும். நான் சொல்லும் தாள் அதற்குத்தான். முத்திரைத்தாள், நோட்டரி என்று அலைய வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி: தலைப்பு, அங்குலத்தில் நீள அகலம், எந்த ஆண்டு வரைந்தது, காகிதத்தில் நீர்வண்ணமா வேறா, மதிப்பு எவ்வளவு, இப்போதைய நிலை என்ன. நிலை என்றால் 'நன்றாக உள்ளது' என்று பொத்தாம்பொதுவாக எழுதக் கூடாது. 'இடது கீழ் மூலையில் அரை அங்குலப் பழுப்புக் கறை, முன்பே உள்ளது. சட்டத்தின் மேல்விளிம்பில் ஒரு கீறல். கண்ணாடியில் குறை இல்லை' என்று எழுத வேண்டும். உங்கள் படத்தின் குறையை நீங்களே எழுதுவதா என்று தோன்றும். எழுதினால்தான் புதிதாக வந்த கறை எது என்று பிறகு காட்ட முடியும். கைப்பேசியில் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்தை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். பின்னட்டையில் பென்சிலால் உங்கள் பெயரும் வரிசை எண்ணும் இருக்கட்டும். ஒட்டின சீட்டு விழுந்துவிடும்.

மதிப்புக் கட்டத்தில் நம் ஓவிய ஆசிரியர்கள் கூச்சத்தில் கோடு போட்டுவிடுவார்கள், இல்லாவிட்டால் 'விலைமதிப்பற்றது' என்று எழுதுவார்கள். படம் தொலைந்த அன்று இரண்டுக்கும் மதிப்பு சைபர்தான். 8,000 என்றால் 8,000 என்று எழுதுங்கள். கடைசியில் எந்தத் தேதி திரும்பும், கொண்டுவரும் செலவு யாருடையது என்று இரண்டு வரி. கையெழுத்து முதல்வருடையது. ஒருங்கிணைப்பாளர் கையெழுத்து செல்லாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் நாளைக்கு எந்த ஊரில் ஒருங்கிணைப்பார் என்று யாருக்குத் தெரியும்?

அந்த ஒருங்கிணைப்பாளருக்கு வருகிறேன். பன்னிரண்டு படத்துக்குப் படம் ஒன்றுக்கு 2,000 என்றால் 24,000 ரூபாய். ஓய்வூதியத்தில் இருப்பவரிடம்! கல்லூரி தன் கூடத்துக்குப் படம் கேட்கிறது என்றால், அவர்கள் உங்களிடம் உதவி கேட்கிறார்கள் என்று பொருள். உதவி செய்கிறவர் எதற்குக் காசு கட்ட வேண்டும்? வாடகைக்குக் கூடம் எடுப்பது வேறு. சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் மண்டல மையத்தில் ஓவியர்கள் வாடகை கட்டிக் காட்சி வைக்கிறார்கள். அங்கே நீங்களே விண்ணப்பிக்கிறீர்கள், நீங்களே ரசீது வாங்குகிறீர்கள், நடுவில் ஆள் கிடையாது.

இந்த நடுவாள்களின் தொழில் எப்படி நடக்கிறது தெரியுமா? கூடம் திறந்த கல்லூரிக்குப் படம் எங்கே கிடைக்கும் என்று தெரியாது, ஓவியருக்குக் கூடம் எங்கே இருக்கிறது என்று தெரியாது. இடையில் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருப்பவர் புகுந்துவிடுகிறார். கல்லூரியிடம் 'எல்லாம் இலவசமாகச் செய்து தருகிறேன்' என்பார், ஓவியரிடம் கட்டணம் வாங்குவார். கட்டணத்தோடு ஒரு சான்றிதழ், ஒரு சால்வை, 'தூரிகைத் திலகம்' என்று ஒரு பட்டம். இன்னும் ஆயிரம் கொடுத்தால் உலக சாதனைப் புத்தகத்தில் பெயர் வரும் என்பார். அது எந்த உலகம் என்று கேட்காதீர்கள். பதிப்புரிமையை (காப்பிரைட்) பதிவு செய்து தருகிறேன் என்றும் சிலர் பணம் கேட்கிறார்கள். வரைந்து முடித்த நிமிடமே பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது, பதிவு கட்டாயமே இல்லை.

கல்லூரியைச் சும்மா விடவும் எனக்கு மனமில்லை. முதல்வர் ஒரு பேராசிரியரிடம் 'நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லி ஒரு பதிவேடு கொடுத்தால் இந்த ஆளே தேவையில்லை. ஆனால் கூடம் கட்டத் தொகை ஒதுக்குவார்கள், திறப்பு விழாக் கல்வெட்டுக்கு ஒதுக்குவார்கள். படங்களைப் பதிய நூறு ரூபாய்க்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கக் கோப்பு மேலே போய் ஒரு பருவம் ஆகும். 1850-இல் தொடங்கிய ஓவியக் கல்லூரி சென்னையில் இருக்கும் மாநிலம் இது. இரவல் படம் வாங்குவதற்கு எல்லாக் கல்லூரிகளுக்கும் பொதுவாக ஒரு பக்கப் படிவம் அச்சடித்துத் தர இன்னும் யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை.

இன்சூரன்ஸ் என்று 500 கேட்கிறாரே, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பாலிசி எண் என்ன? உண்மையாகவே எடுத்திருந்தால் எந்த நிறுவனம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எவ்வளவு தொகைக்கு என்று பதில் வரும். உங்கள் வீட்டுச் சுவரிலிருந்து கழற்றிய நேரம் முதல் திரும்ப மாட்டும் வரை பாலிசி செல்லுமா என்றும் கேளுங்கள். கண்ணாடி உடைவது பெரும்பாலும் வழியில்தான், கூடத்தில் தொங்கும்போது இல்லை. எண் வரவில்லை என்றால் அந்த 500 யாருடைய பையில் இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி 'அனைத்து உரிமைகளும்' என்ற வரி. படம் வேறு, படத்தை அச்சடிக்கும் உரிமை வேறு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வரைந்தவர்தான் அந்த அச்சு உரிமைக்கு, அதாவது பதிப்புரிமைக்கு, முதல் உரிமையாளர். அந்த உரிமை உங்கள் ஆயுள் முழுக்கவும், அதன்பின் 60 ஆண்டுகளும் இருக்கும். படத்தை விற்றாலும் அச்சு உரிமை சேர்ந்து போகாது. எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால்தான் போகும். உங்களுக்கு வந்த அந்தப் படிவம்தான் அந்த எழுத்து, அதனால்தான் அடிக்கச் சொன்னேன். அழைப்பிதழிலும் காட்சி மலரிலும் அச்சிட ஒருமுறை அனுமதி என்று தனியாக எழுதிக் கொடுங்கள். அடுத்த ஆண்டுக் காலண்டருக்கு அது செல்லாது.

இதில் ஒரு விலக்கு இருக்கிறது, உங்கள் டாக்டர் படம் அதில்தான் மாட்டுகிறது. பொறுமையாகப் படியுங்கள், அனுபவமுள்ள ஓவியர்களே இதில் தடுமாறுகிறார்கள். ஒருவர் கேட்டு, பணம் கொடுத்து, அதற்காக நீங்கள் வரைந்தால், வேறுவிதமாக எழுதிக்கொள்ளாதவரை பதிப்புரிமையின் முதல் உரிமையாளர் அந்தப் பணம் கொடுத்தவர். 17-ஆம் பிரிவு இப்படிச் சொல்கிறது. ஆக டாக்டர் படம் பொருளாகவும் அவர்களுடையது, அச்சு உரிமையாகவும் அவர்களுடையது. நீங்களாக ஆசைப்பட்டு டாக்டரை வரைந்து வைத்திருந்து, பிறகு குடும்பத்தார் பார்த்து வாங்கியிருந்தால் கதை வேறு: படம் அவர்களுக்கு, பதிப்புரிமை உங்களுக்கு. முன்பணம் வாங்கிக்கொண்டு வரைந்து, மீதியை முடித்தபின் வாங்கினாலும் அது கேட்டு வரைந்ததுதான். காசே வாங்காமல் அன்புக்கு வரைந்து கொடுத்திருந்தால் உரிமை உங்களோடுதான். வரைந்தபோது 'அச்சு உரிமை எனக்கே' என்று அவர்களிடம் கடிதம் வாங்கியிருந்தால் அது செல்லும். நம் ஊரில் யார் வாங்கியிருக்கப் போகிறார்கள்?

அதனால் அந்த ஒரு படத்துக்குக் குடும்பத்தாரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்: காட்சிக்கு வைக்க, அழைப்பிதழில் போட. இன்னும் நல்லது, அவர்களே நேரடியாகக் கல்லூரிக்கு இரவல் கொடுப்பது. நீங்கள் வாங்கிக் கொடுத்தால், கல்லூரிக் கூடத்தில் கரையான் அரித்தாலும் டாக்டர் வீட்டில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். வரைந்தவர் என்ற பெயர் மட்டும் எப்போதும் உங்களுடையது, அதை யாரும் பறிக்க முடியாது. படத்தின் கீழே உங்கள் பெயர் போடச் சொல்லிக் கேட்கலாம்.

அந்தப் பெயர் உரிமையோடு, படத்தைச் சிதைத்தால் கேட்கும் உரிமையும் 57-ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் மூலையில் மாட்டினார்கள், மாட்டவே இல்லை என்று அதை வைத்து வழக்குப் போட முடியாது. அந்தப் பிரிவிலேயே அப்படி எழுதியிருக்கிறது. வழக்கு என்று போனால் என்ன ஆகும் என்பதற்குச் சிற்பி அமர்நாத் செகால் போதும். டெல்லியில் அரசின் மாநாட்டு அரங்கமான விஞ்ஞான் பவனில் அவர் செய்த வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979-இல் பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது 2005-இல். மிஞ்சிய துண்டுகளும் ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடும். 2007-இல் அவர் காலமானார். அதனால்தான் தாள், தாள் என்று இவ்வளவு தொல்லை செய்கிறேன்.

வெளிச்சத்தையும் ஈரத்தையும் பற்றிச் சுருக்கமாக. நீர்வண்ணம் வெயிலில் வெளுக்கும், வெளுத்தது திரும்பாது. காகிதப் படங்களுக்கு அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவோடு நிறுத்திக்கொள்கின்றன. நம் வகுப்பறை டியூப்லைட்டே அதைவிடப் பலமடங்கு. இரண்டு வாரம் என்பதால் விளக்கைப் பற்றிக் கவலை வேண்டாம். மேற்கு ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மட்டும் மாட்ட விடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் கேட்டால் தையில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் பாருங்கள். கண்ணாடியும் காகிதமும் ஒன்றையொன்று தொடாமல் நடுவில் மவுண்ட் அட்டை இருக்கிறதா என்று கொடுக்கும்முன் பாருங்கள். தொட்டுக்கொண்டிருந்தால் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது வண்ணம் கண்ணாடியோடு வரும்.

படங்களைத் திரும்ப எடுக்க நீங்களே நேரில் போங்கள், அந்தத் தாளோடு. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பார்த்து, பழைய நிலைக்குறிப்போடு ஒப்பிட்டு, அதன்பிறகு 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போடுங்கள். காட்சி சனிக்கிழமை முடிவதாக இருந்தால் வெள்ளிக்கிழமை காலையிலேயே போன் செய்து, கூடத்துச் சாவி எந்த அலுவலக உதவியாளரிடம் இருக்கிறது, அவர் மறுநாள் வருவாரா என்று கேட்டுவிட்டு வண்டி பிடியுங்கள்.