மறுமொழி: 3 பென்ஸ் வரிக்காகவா மன்னரை எதிர்த்தார்கள்?

வணக்கம். 18ஆம் நூற்றாண்டில் பிரிட்டன் தன் அமெரிக்கக் குடியேற்றங்களில் விதித்த தேயிலை வரி ஒரு பவுண்டு எடைக்கு 3 பென்ஸ்தான், இதற்காகவா பாஸ்டனின் ஜான் ஹான்காக் போன்ற பெரும் வணிகர்கள் பிரிட்டிஷ் மன்னரை எதிர்த்துத் தூக்குக் கயிற்றுக்குத் துணிந்தார்கள் என்ற இடத்தில் உங்கள் மகளின் கட்டுரை நிற்பதாகச் சொன்னீர்கள்.

வரியின் அளவை விடுங்கள். பிரிட்டன் 1773இல் கொண்டுவந்த தேயிலைச் சட்டத்தால் தேயிலை விலை குறையத்தான் செய்தது. ஹான்காக்கின் லிபர்ட்டி கப்பலைப் பாருங்கள். 1768இல் பிரிட்டிஷ் சுங்க அதிகாரிகள் அதைப் பறித்தார்கள். அத்தகைய வழக்கு போனதோ ஜூரியே இல்லாத கடல்சார் நீதிமன்றத்துக்கு. அப்புறம் 1774இல் பாஸ்டன் துறைமுகத்தையே மூடினார்கள். பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸில் ஆளுநர் அனுமதியில்லாமல் ஊர்க்கூட்டம் ஆண்டுக்கு ஒன்றுதான் என்றார்கள். தங்கள் சொத்தையும் அதைக் காத்த உரிமையையும் லண்டன் நினைத்தால் எடுத்துவிடலாம் என்பதுதான் அவர்களை உலுக்கியது.

ஆனால் மன்னர் பக்கம் நின்ற பணக்காரர்களும் நிறையப் பேர். அதையும் அவசியம் எழுதச் சொல்லுங்கள்.