முட்டி வலியுள்ள அம்மாவோடு: மோன் சான் மிஷேலா, கோல்மாரா?

பாரிஸிலிருந்து ஒரே நாளில் போய்வர வேண்டும், அம்மாவுக்கு முட்டி வலி, மோன் சான் மிஷேல், கோல்மார் இந்த இரண்டில் எது என்று கேட்டிருக்கிறீர்கள். யோசிக்காமல் கோல்மார் போங்கள்.

கடலோரப் பாறைத் தீவான மோன் சான் மிஷேல் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் மேலே இருக்கும் மடாலயத்துக்குச் சுமார் 350 படிகள் ஏற வேண்டும். வண்டி நிறுத்துமிடம் இரண்டரை கிலோமீட்டர் தள்ளி. அங்கிருந்து இலவசப் பேருந்து உண்டு, அதுவும் வாசல் வரை வராது. பாரிஸிலிருந்து ரயிலில் ரென் நகரம் போய்ப் பேருந்து மாற வேண்டும். போக வரவே பாதி நாள் ஓடிவிடும். அம்மா கீழே உட்கார்ந்திருக்க, நீங்கள் மட்டும் ஏறிப் பார்ப்பதில் என்ன இருக்கிறது?

பிரான்ஸின் கிழக்கே உள்ள கோல்மார் நகரம் சமதளம். பாரிஸ் கிழக்கு ரயில் நிலையத்திலிருந்து நேரடி அதிவேக ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். நேரடி வண்டிகள் குறைவு, மற்றவற்றில் ஸ்ட்ராஸ்பூர்கில் மாற வேண்டும். ஆகவே முன்பதிவில் பார்த்து எடுங்கள். 'குட்டி வெனிஸ்' பகுதியில் தட்டைப் படகில் ஏற்றிச் சுற்றிக் காட்டுவார்கள். அம்மா உட்கார்ந்தபடியே மரச்சட்டம் போட்ட வண்ண வீடுகளைப் பார்க்கலாம். 1537இல் கட்டிய ஃபிஸ்டர் வீட்டைத் தவறவிடாதீர்கள். அப்புறம், நியூயார்க் சுதந்திர தேவி சிலையைச் செய்த பார்தோல்டி பிறந்த ஊரும் இதுதான். அவர் வீடு இப்போது அருங்காட்சியகம்.

ஒன்று மட்டும்: பழைய தெருக்களில் கல் பாவியிருக்கும். செருப்பு வேண்டாம், நல்ல ஷூ போட்டு அழைத்துப் போங்கள்.