கெண்டை உங்கள் காலடியில்தான் இருக்கிறது

கேள்வி: இங்கிலாந்தில் லெஸ்டர் பக்கம் குடிவந்து ஒரு வருடம் ஆகிறது. வீட்டுக்கு அருகே, கட்டணம் வாங்கிக்கொண்டு மீன் பிடிக்க விடும் சின்ன ஏரி ஒன்று இருக்கிறது. 11 வயது மகனோடு மூன்று மாலை போனேன். கெண்டை துள்ளுவது கண்ணுக்குத் தெரிகிறது, தூண்டிலில்தான் விழவில்லை. ஒரே ஒரு முறை மாட்டியது, தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போய்விட்டது. எங்கே தவறு செய்கிறேன்? கிடைத்தால் வீட்டுக்குக் கொண்டுவந்து குழம்பு வைக்கலாமா?

பதில்: குழம்பு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். கூடாது. அந்த ஏரியின் மீன் ஏரிக்காரருடையது. நீங்கள் கட்டும் பணம் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப விடுவதற்குத்தான். சால்மன், டிரவுட் அல்லாத நன்னீர் மீன்களை இங்கே ‘கோர்ஸ்’ மீன் என்பார்கள். அவற்றைப் பிடித்து விடுவதே வழக்கம். கெண்டைதான் வேண்டுமென்றால் டிசம்பரில் போலந்துக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். அவர்களுடைய கிறிஸ்துமஸ் விருந்து மீனே அதுதான்.

ஏரிச் சீட்டு வாங்கினால் மட்டும் போதாது, அரசின் ராட் லைசென்ஸும் (தூண்டில் போடுவதற்கான உரிமம்) உங்களுக்கு வேண்டும். 13 வயது ஆகாததால் மகனுக்குத் தேவையில்லை. நீங்கள் லைசென்ஸ் இல்லாமல் மாட்டினால் அபராதம் 2,500 பவுண்டு வரை போகலாம்.

சரி, மீன் ஏன் விழவில்லை? பெரும்பாலும் நீங்கள் தூரமாக வீசுகிறீர்கள் என்று நினைக்கிறேன். புதிதாக வருகிற எல்லோரும் ஏரியின் நடுவைக் குறிவைப்பார்கள். கோடை மாலையில் வெயில் சாய்ந்து கரை அமைதியானதும் கெண்டை ஓரத்துக்கு வந்துவிடும். நாணல் ஓரம், நீரில் தாழ்ந்த கிளையடி, இரண்டு மூன்று அடி ஆழம், அவ்வளவுதான். காற்று எந்தக் கரையில் மோதுகிறதோ அந்தக் கரையை முதலில் பாருங்கள். தண்ணீரில் பொடிப்பொடியாகக் குமிழி வந்தால் மீன் சேற்றைக் கிளறுகிறது என்று அர்த்தம்.

ஆனால் ஓரத்து மீனுக்குக் காது கூர்மை. கெண்டையின் காற்றுப்பையில் படும் அதிர்வைச் சின்னச் சின்ன எலும்புகள் உள்காதுக்குக் கடத்துகின்றன. கரையில் நீங்கள் பெட்டியைத் தொப்பென்று வைத்தால் அதற்குத் தெரிந்துவிடும். நீர் விளிம்பிலிருந்து இரண்டு எட்டு பின்னால் உட்காருங்கள். மகனை ஓடவிடாதீர்கள் (இதுதான் சிரமம், ஒப்புக்கொள்கிறேன்).

இரைக்கு டப்பாவில் வரும் ஸ்வீட்கார்ன் போதும். பத்துப் பன்னிரண்டு மணிகளை ஓரத்தில் தூவுங்கள், பத்து நிமிடம் கழித்து இன்னும் கொஞ்சம். மொத்தமாகக் கொட்டினால் மீன் தின்றுவிட்டுப் போய்விடும். ஊறவைத்து வேகவைக்காத காய்ந்த சோளம், கடலை எதையும் போடாதீர்கள், அது வயிற்றுக்குள் போய் உப்பும். 10ஆம் எண் முள்ளில் இரண்டு மணி கோத்து, இரை தரையைத் தொடும்படி தக்கையைப் பொருத்துங்கள். முள்ளின் நுனியில் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கொக்கி (பார்ப்) இருக்கக் கூடாது. பல ஏரிகளில் அது விதியே.

தக்கை லேசாக ஆடினால் இழுக்காதீர்கள். பல நேரம் அது நரம்பில் மீனின் உடம்பு உரசுவதுதான். தக்கை சாய்ந்து வழுக்கிக்கொண்டு போகும், அப்போது தூக்குங்கள்.

நரம்பு அறுந்த கதைக்கு வருவோம். 8 பவுண்டு எடை தாங்கும் நரம்பு 10 பவுண்டு மீனையும் கரை சேர்க்கும், ரீல் நரம்பை விடாமல் பிடித்துக்கொள்ளும் இறுக்கத்தைத் தளர்த்தி வைத்திருந்தால். வீசுவதற்கு முன் கையால் நரம்பை இழுத்துப் பாருங்கள்: அழுத்தி இழுத்தால் கிர்ரென்று விட்டுக்கொடுக்க வேண்டும். மீன் ஓடும்போது ஓடவிடுங்கள், கம்பை உயர்த்திப் பிடித்து அதன் வளைவே மீனைக் களைக்கச் செய்யட்டும். ஓடுகிற நேரத்தில் ரீலைச் சுற்றியவர்கள்தான் அறுத்துக்கொண்டு நிற்பார்கள். அப்புறம், கம்பைக் கரையில் போட்டுவிட்டுத் தேநீர் ஊற்றப் போகாதீர்கள். ஒரு நல்ல கம்பு ஏரிக்குள் நீந்திப் போவதை நான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன், அது என்னுடையது.

கரைக்கு வந்த மீனை வலையால் துரத்தி அள்ளக் கூடாது. வலையை நீருக்குள் அசையாமல் வைத்து, மீனை அதன்மேல் இழுத்து வாருங்கள். நனைத்த மெத்தை விரிப்பில் கிடத்தி, ஈரக் கையால் முள்ளைக் கழற்றுங்கள். உலர்ந்த கை பட்டால் அதன் வழவழப்புப் பூச்சு உரிந்துவிடும். மகன் படம் எடுக்கச் சொன்னால் மண்டியிட்டு, விரிப்புக்கு ஒரு சாண் உயரத்தில் பிடித்து எடுத்துக்கொள்ளுங்கள். விடும்போது எறியாமல், நீருக்குள் தாங்கிப் பிடித்திருங்கள். தெம்பு வந்ததும் வாலை உதறிவிட்டு அதுவே போய்விடும்.