ஆட்டுத்தோல் என்றொரு குடும்பப்பெயர்: சீகன்பால்கு பற்றிக் கேட்டவர்களுக்கு

1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மானிய மதபோதகர் பர்த்தலோமேயு சீகன்பால்கைத் தெரியாதவர்கள் நம்மில் குறைவு. அவருடைய குடும்பப்பெயரோடு இன்றும் கிழக்கு ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொல்லப்போக, கேள்விகள் குவிந்துவிட்டன. நான் மொழியியல் படித்தவன் இல்லை. அந்த மாநிலத்தின் டிரெஸ்டன் நகரில் வேலை, ஜெர்மன் குடும்பப்பெயர்கள் பொழுதுபோக்கு. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

ஜெர்மன் வகுப்பில் இந்தப் பெயரைச் சொன்னதும் ஆசிரியை சிரித்துவிட்டார். 'ஆட்டுக்குப் பிறந்த வாண்டு' என்று அர்த்தமாம். உண்மையா சார்?

இன்றைய பேச்சு ஜெர்மனில் 'பால்க்' என்றால் அடங்காத பிள்ளை, ஒரு திட்டு. அதனால் அவர் சிரித்தது நியாயம்தான். ஆனால் பெயர் உருவான காலத்துப் பொருள் வேறு. 'சீகெ' என்றால் வெள்ளாடு. 'பால்க்' என்றால் விலங்கின் உடம்பிலிருந்து உருவி எடுத்த தோல். அந்தத் தோலைக் கட்டித் தைத்தால் பை ஆகும், காற்று ஊதினால் கொல்லன் உலையின் துருத்தி ஆகும். இரண்டுக்கும் அதே சொல்தான். நம்மிடமும் தண்ணீர் சுமக்கும் தோல்பைக்கும் துருத்தி என்று பெயர், உலை ஊதுவதற்கும் துருத்தி என்று பெயர். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சம் அதிகப்படிதான்.

ஆக, பெயர் 'வெள்ளாட்டுத் தோல்'. தோல் உரித்தவர், வாங்கி விற்றவர், ஆட்டுத்தோல் சட்டையே கதி என்று திரிந்தவர் என்று யாருக்கு வேண்டுமானாலும் ஊர்க்காரர்கள் இப்படிப் பட்டப்பெயர் வைத்திருக்கலாம்.

அப்படியானால் சீகன்பால்கு தோல் வியாபாரக் குடும்பமா?

இல்லை. அப்பா தானிய வியாபாரி, ஊர் சாக்சனியின் புல்ஸ்னிட்ஸ், மகன் பிறந்தது 1682-ல். இங்கேதான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். ஜெர்மன் பகுதிகளில் குடும்பப்பெயர் 12-ஆம் நூற்றாண்டு வாக்கில் ரைன் கரை நகரங்களிலும் தென்மேற்கிலும் தொடங்கி, மெல்ல மெல்லக் கிழக்கே வந்தது. முதலில் ஆளுக்கு ஒட்டிய பட்டம், அப்புறம் பிள்ளைக்கும் பேரனுக்கும் ஒட்டிக்கொண்டது. 1682-ல் பிறந்தவருக்கு அந்தப் பெயர் வந்து சேர்வதற்குள் தோலும் ஆடும் எப்போதோ போய்விட்டன. இன்றைக்கு ஷ்மிட் (கொல்லர்) என்று பெயர் உள்ளவர் வீட்டில் சம்மட்டியைத் தேடுவோமா?

இந்தக் குடும்பப்பெயருக்கு ஒரு தளத்தில் போட்ட எண்ணிக்கையும் இன்னொன்றில் போட்ட எண்ணிக்கையும் மூன்று மடங்கு வரை வித்தியாசப்படுகிறது. உண்மையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் அண்ணா?

முதலில் அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று பாருங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பெயர் ஆராய்ச்சிக்காரர்கள் பெரும்பாலும் எண்ணுவது ஆட்களை அல்ல, தொலைபேசிக் கையேட்டில் இருக்கும் வரிகளை. ஜெர்மன் குடும்பப்பெயர் வரைபடத் தொகுதி என்று 2009 முதல் 2018 வரை ஏழு பாகங்களாக வந்த பெரிய வேலை, கொன்ராட் குன்ட்செ, டமாரிஸ் நியூப்லிங் இருவரும் பதிப்பித்தது. அதற்கு அடிப்படை 2005-ஆம் ஆண்டின் தனியார் வீட்டு லைன்கள், சுமார் 2 கோடியே 80 லட்சம். அன்றைய மக்கள்தொகை சுமார் 8 கோடியே 24 லட்சம். வகுத்துப் பாருங்கள், ஒரு லைனுக்கு மூன்று பேருக்குச் சற்றுக் குறைவு. அதாவது கையேட்டில் 100 வரி இருந்தால் அந்தப் பெயரில் ஏறக்குறைய 290 பேர் என்று கணக்கு. ஒரு தளம் வரியை அப்படியே போடும், இன்னொன்று பெருக்கிப் போடும். இரண்டும் 'எண்ணிக்கை' என்றே எழுதும். இங்கேதான் வம்பு.

20 வருடத்துக்கு முந்தைய கணக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். கைபேசி வந்தபின் யாரும் கையேட்டில் பெயர் கொடுப்பதில்லை, அதனால் புதிய தரவு இன்னும் மோசம். ரொம்பப் பழையதும் ஆகாது. கிழக்கு ஜெர்மனியில் வீட்டில் போன் இருப்பதே அதிசயமாக இருந்த காலம் உண்டு, 1990-ஐ ஒட்டிய கையேட்டில் சாக்சனிப் பெயர்கள் எல்லாமே நோஞ்சானாகத் தெரியும்.

சரி, சீகன்பால்கு? நூறுகளில் எண்ணும் பெயர், ஆயிரங்களில் அல்ல. எனக்கு அந்த எண்ணைவிட வரைபடம் முக்கியம். கிழக்குச் சாக்சனியில், புல்ஸ்னிட்ஸைச் சுற்றி ஒரு மைத்துளி விழுந்த மாதிரி அடர்த்தி, வெளியே போகப் போகப் பொட்டுப் பொட்டாக. 300 வருடத்துக்கு மேல் ஆகியும் பெயர் பிறந்த வட்டாரத்தை விட்டு அதிகம் நகரவில்லை. எல்லாப் பெயருக்கும் இந்தக் கொடுப்பினை இல்லை. 1945-க்குப் பிறகு சிலேசியா, கிழக்குப் பிரஷ்யா, சுடேட்டன் பக்கமிருந்து ஒரு கோடிக்கும் மேல் ஜெர்மானியர்கள் விரட்டப்பட்டார்கள். அவர்களுடைய பெயர்களை வரைபடத்தில் போட்டால் நாடு முழுக்க எள் தூவிய மாதிரி இருக்கும், சொந்த ஊர் தெரியவே தெரியாது. புல்ஸ்னிட்ஸ், இன்று போலந்து எல்லையாக ஓடும் நைசே ஆற்றுக்கு மேற்கே இருந்ததால் தப்பியது.

ஏன் இவ்வளவு அரிது? முல்லர் மட்டும் எங்கே பார்த்தாலும் இருக்கிறாரே.

முல்லர் என்றால் மாவு அரைக்கும் ஆலைக்காரர். ஊருக்கு ஓர் ஆலை, ஆலைக்கு ஒரு முல்லர். ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாமல் ஆயிரம் இடத்தில் பிறந்த பெயர் அது, அதனால்தான் இன்றைக்கு ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர் முல்லர். ஆட்டுத்தோல் பட்டம் அப்படி ஊருக்கு ஊர் முளைக்காது.

சின்னப் பெயருக்கு இன்னொரு ஆபத்து, பெண் பிள்ளைகளாகவே பிறந்தால் கதை முடிந்தது. 1976 வரை மேற்கு ஜெர்மனியில் கல்யாணம் ஆனால் குடும்பத்துக்குக் கணவன் பெயர்தான். அந்த ஆண்டு மனைவி பெயரையும் தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள், ஆனால் இருவரும் ஒத்துப்போகாவிட்டால் கணவன் பெயரே ஜெயிக்கும் என்றொரு வாலும் வைத்திருந்தார்கள். அந்த வாலை 1991-ல் அரசியல்சட்ட நீதிமன்றம் வெட்டியது. 1994 முதல் அவரவர் பெயரை அவரவர் வைத்துக்கொள்ளலாம். 2025 மே முதல் இருவருமே இரட்டைப்பெயர் சூடிக்கொள்ளலாம். அரிய பெயர்களுக்கு இப்போதுதான் மூச்சு விட நேரம் கிடைத்திருக்கிறது.

சீக்ளர் என்று ஒருவர் என்னுடன் வேலை பார்க்கிறார். அதுவும் ஆடுதானே?

ஆடு இல்லை, செங்கல். 'சீகல்' என்றால் செங்கல், ஓடு. லத்தீன் 'தெகுலா'விலிருந்து வந்தது. சீக்ளர் சூளைக்காரர். சீகன்ஃபூஸ் (ஆட்டுக்கால்) நிஜமாகவே ஆட்டுப் பெயர், அது ஐக்ஸ்ஃபெல்ட் வட்டாரத்தில் அதிகம். சீகன்ஹைன் என்பது ஹெஸ்ஸன் மாநிலத்தில் ஓர் ஊர்.

புல்ஸ்னிட்ஸ் என்ற ஊர்ப்பெயரே ஜெர்மன் மாதிரி இல்லையே. குடும்பப்பெயரும் ஸ்லாவிய மொழிப் பெயராக இருக்குமோ?

நல்ல கேள்வி. அது லௌசிட்ஸ் பகுதியின் ஓரம். சோர்பியர்கள் என்ற ஸ்லாவிய மக்கள் இன்றும் அங்கே தங்கள் மொழி பேசுகிறார்கள், ஊர்ப்பெயரும் ஸ்லாவிய வேர்தான். அந்தப் பக்கம் நோவாக் என்றும் நோஅக் என்றும் நிறையப் பெயர்கள் உண்டு, 'புதிதாக வந்தவன்' என்று பொருள். வேடிக்கை என்னவென்றால், பக்கத்து ஊர் கமென்ஸில் 1729-ல் பிறந்த நாடகாசிரியர் லெஸ்ஸிங்கின் பெயர் கேட்பதற்கு அசல் ஜெர்மன் மாதிரி இருக்கும், ஆனால் காட்டில் வாழ்பவனைக் குறிக்கும் ஸ்லாவியச் சொல்லிலிருந்து வந்தது. சீகன்பால்கோ இரண்டு பச்சை ஜெர்மன் சொற்கள். காதை நம்பி எதையும் முடிவு கட்டக் கூடாது.

ஐயா, சரியான உச்சரிப்பு எது? ஸீகன்பல்க், ஜீகன்பால்க், சீகன்பால்கு என்று தேவாலயத்தில் ஆளுக்கு ஒன்று சொல்கிறோம்.

ஜெர்மன் 'ஸெட்' எழுத்துக்கு ஒலி 'த்ஸ்'. நாக்கைப் பல்லில் வைத்து 'த்ஸீ' என்று தொடங்க வேண்டும். கடைசி எழுத்து 'க்' என்று வல்லினமாக முடியும். 'பல்' குறில். தமிழில் 'த்ஸ்' கிடையாது, கிட்டத்தில் இருப்பது ச. ஆக 'சீகன்பால்கு' ஒன்றும் தப்பில்லை. நெடிலும் கடைசி உகரமும் நாம் போட்ட நகை. 'ஜீ' மட்டும் வேண்டாம்.

ஒரு பழைய சாக்சனித் திருச்சபைப் பதிவேட்டுப் பிரதியில் 'சீகன்பால்கின்' என்று இருக்கிறது. வேறு குடும்பமா?

அதே குடும்பம், பெண். 18-ஆம் நூற்றாண்டு வரை பெண்ணின் குடும்பப்பெயரோடு 'இன்' சேர்த்து எழுதுவது வழக்கம். முல்லர் மகள் முல்லரின். இது தெரியாமல் நானே ஆறு மாதம் இல்லாத ஒரு குடும்பத்தைத் தேடி அலைந்தேன்.

அந்தக் கையெழுத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். அன்றைய 'குரெண்ட்' எழுத்தில் 'எ' என்பது நெருக்கமாக இரண்டு சாய்கோடு; 'ன்' என்பது அதே இரண்டு கோடு, கொஞ்சம் அகலமாக. இந்தப் பெயரின் நடுவில் எ, ன் இரண்டும் அடுத்தடுத்து வருவதால் நான்கு குச்சி நட்ட வேலி மாதிரி தெரியும். 'உ' என்றால் தலைக்குமேல் ஒரு சின்ன வளைவு இருக்கும். வளைவு இல்லை என்றால் அது 'ன்'. பூதக்கண்ணாடியைவிட இந்த ஒரு விஷயம் எனக்கு அதிகம் உதவியது.

எழுத்துக்கூட்டல் மாறி மாறி வந்தால் பதற வேண்டாம். பாதிரியார் காதில் விழுந்ததை எழுதினார், அவ்வளவுதான். பெயரின் எழுத்து உறைந்தது 1876 ஜனவரி முதல் ஜெர்மன் பேரரசு முழுக்க அரசுப் பதிவு வந்த பிறகுதான். அந்த அரசுப் பதிவேடுகளில் பிறப்பு 110 ஆண்டு, திருமணம் 80, இறப்பு 30 ஆண்டு கழித்துத்தான் எல்லோருக்கும் திறக்கும். அதற்கு முன் வேண்டுமானால் நேரடி வாரிசு என்று காட்ட வேண்டும்.

குடும்பச் சின்னம் அச்சடித்துத் தருகிறோம் என்று ஒரு கடை இணையத்தில் விற்கிறதே, வாங்கலாமா?

நான் வாங்கி ஏமாந்தவன். வேறொரு பெயருக்கு, 30 யூரோ. கேடயத்தில் சிங்கமெல்லாம் நின்றது. ஜெர்மனியில் சின்னம் ஒரு குறிப்பிட்ட வம்சத்துக்கு உரியது, பெயருக்கு உரியதல்ல. ஒரு முல்லருக்குச் சின்னம் இருந்தால் மற்ற முல்லர்களுக்கு அதில் பங்கு இல்லை. படம் இப்போது என் அலமாரிக் கதவின் உள்பக்கம் இருக்கிறது.

இப்படி ஆட்டுத்தோல் என்று பெயர் இருந்தால் மாற்றிக்கொள்ள விடமாட்டார்களா?

'தக்க காரணம்' வேண்டும் என்கிறது சட்டம். கேலிக்கு இடம் தரும் பெயர் ஒரு காரணம்தான். ஆனால் முல்லர், ஷ்மிட் மாதிரி பெயர் அளவுக்கு மீறி நிறைந்திருப்பதும் காரணமாகச் செல்லும். அதாவது அரிய பெயர்க்காரர் சிரிப்புக்குப் பயந்து ஓடலாம், சாதாரணப் பெயர்க்காரர் நெரிசலுக்குப் பயந்து ஓடலாம்.

தரங்கம்பாடிக்கு வந்த மற்றவர்களின் பெயர்கள்?

சுருக்கமாகச் சொல்கிறேன். சுவார்ட்ஸ் என்றால் கறுப்பு, மூதாதை ஒருவருக்குக் கறுத்த முடியோ நிறமோ இருந்திருக்கும். இது அரிதே இல்லை. பப்ரிசியஸ் படித்தவர்களின் மோகம்: லத்தீனில் 'ஃபாபர்' என்றால் கொல்லர், ஷ்மிட் போன்ற கொல்லர் பெயர்களுக்கு லத்தீன் அங்கி போட்டால் பப்ரிசியஸ். நம் அகராதிக்காரர் பப்ரிசியஸ் பெயரால் கொல்லர் என்று சொன்னால் எத்தனை பேர் நம்புவார்கள்! சீகன்பால்குடன் கூட வந்த புளுட்சாவ் மெக்லன்பர்க்கின் வேசன்பெர்க் ஊர்க்காரர். அந்தப் பெயரின் முடிவு மாதிரி முடிவுகள் அங்கே ஸ்லாவிய ஊர்ப்பெயர்களில் சகஜம்.

இன்று அந்தப் பெயரோடு இருக்கும் எல்லோரும் அவருடைய வாரிசுகளா? ஒருவரைப் பார்த்தால் என்ன கேட்கலாம்?

வாரிசு என்று சொல்ல முடியாது. ஒரே வட்டாரம் என்பதால் எங்கோ ஒரு பொது மூதாதை இருக்க வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். அதைப் பதிவேடு காட்ட வேண்டும், பெயர் காட்டாது.

இங்கே வீடுகளில் பிளாட் எண் கிடையாது, அழைப்புமணிப் பலகையில் குடும்பப்பெயர்தான். தபால்காரரும் அதைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். டிரெஸ்டனிலிருந்து கமென்ஸ் போகும் ரயிலில் புல்ஸ்னிட்ஸில் இறங்கி நடந்தபோது, அந்த வட்டாரத்தில் ஒரு பலகையில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு ஐந்து நிமிடம் நின்றேன். மணி அடிக்கவில்லை. உங்கள் ஊர்க்காரர் 1718-ல் கட்டிய கோவில் எங்கள் கடற்கரையில் இருக்கிறது என்று முன்பின் தெரியாத ஒருவரிடம் எப்படித் தொடங்குவது? அந்த ஊர் மிளகுக் கேக்குக்குப் பேர்போனது, ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு அடுத்த ரயிலைப் பிடித்தேன்.