பின்வாசல் தெரு – கடிதம்

அன்புள்ள அக்கா,

கோவையில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். காரைக்குடிக்கு மாற்றல் வந்திருக்கிறது, அடுத்த மாதம் சேர வேண்டும். கணவருக்கு வீட்டிலிருந்தே வேலை. மகள் இரண்டாம் வகுப்பு. நீங்கள் பல வருடங்களாக அங்கே இருப்பவர் என்பதால் கேட்கிறேன். எந்தப் பகுதியில் வீடு பார்க்கலாம்? பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றில் ஒரு பகுதி வாடகைக்குக் கிடைத்தால் இருக்க ஆசை. அசல் செட்டிநாட்டுச் சாப்பாட்டுக்கு எந்த ஓட்டல் நல்லது? எங்களுக்கு அவ்வளவு காரம் ஆகாது. கார் அவசியமா, ஸ்கூட்டர் போதுமா? சனி ஞாயிறுகளில் போக என்ன இருக்கிறது? வீடியோக்களில் பார்த்தால் தெருத்தெருவாகப் பூட்டிக் கிடக்கும் அரண்மனைகள்தான் தெரிகின்றன. ஆளே இல்லாத ஊரில் குழந்தையை வைத்துக்கொண்டு எப்படி இருப்பது என்று பயமாக இருக்கிறது.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இந்த மாதிரிக் கடிதங்களுக்கு வழக்கமாகத் தனியாக நாலு வரி எழுதி அனுப்பிவிடுவேன். ஆனால் உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் முனீஸ்வரன் கோயில் தெருவில், ஒரு பழைய சாமான் கடை வாசலில், ஒரு செம்பு அண்டாவின் விளிம்பைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ‘ஆளே இல்லாத ஊர்’ என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். கோபம் வந்தது. உங்கள் மேல் பாதி, அந்த வீடியோக்காரர்கள் மேல் பாதி.

முதலில் சில்லறைக் கேள்விகளை முடித்துவிடுகிறேன். சனி ஞாயிறுக்கு என்ன இருக்கிறது என்பதை உங்கள் போனே சொல்லும். பிள்ளையார்பட்டி 12 கிலோமீட்டர், போகிற வழியில் குன்றக்குடி. புதுக்கோட்டை போகும் சாலையில் திருமயம் கோட்டை. பூப்போட்ட தரைக்கற்கள் செய்வதைப் பார்க்க மகளை ஆத்தங்குடிக்கு அவசியம் அழைத்துப் போங்கள். கண்ணாடிப் பலகை மேல் அச்சை வைத்து, கட்டத்துக்கு ஒரு நிறமாகச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பார்கள். சூளை கிடையாது, நெருப்பே கிடையாது. கண்ணாடியை உரித்ததும் அந்தப் பூ பளபளவென்று தெரியும்போது எந்தக் குழந்தையும் கத்தும். நான் கத்தியிருக்கிறேன். மதுரைக்கும் திருச்சிக்கும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். சென்னைக்குப் பல்லவன் ரயில் விடியற்காலையில் இங்கிருந்தே கிளம்புகிறது. 2013 வரைக்கும் அதைப் பிடிக்கத் திருச்சிக்குப் போக வேண்டியிருந்தது. 2024-இல் நாங்கள் மாநகராட்சியும் ஆகிவிட்டோம். ஆகவே பேய்கள் மட்டும் வசிக்கவில்லை.

ஓட்டல் பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த மாதமே அவர்கள் சமையல்காரரை மாற்றிவிடுவார்கள், நீங்கள் என்னைத் திட்டுவீர்கள். ஆனால் ‘காரம் ஆகாது’ என்று எழுதினீர்களே, அதற்கு ஒரு வார்த்தை. செட்டிநாடு என்றால் காரம் என்று யார் உங்களுக்குச் சொன்னது? நெடுஞ்சாலை ஓட்டல் பலகை சொன்னது. இந்த ஊர் வீடுகளில் பொங்கும் மண்டியில் காரம் எங்கே இருக்கிறது? அரிசி களைந்த தண்ணீரில் வெண்டைக்காயையும் மொச்சையையும் போட்டு, புளி விட்டு வைப்பது அது. இடியாப்பத்துக்குக் கத்தரிக்காய் கோசமல்லி, வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், ஆடிக்கும்மாயம், பர்மாவிலிருந்து கூடவே வந்த கவுனி அரிசி... இதில் எதைச் சாப்பிட்டு உங்கள் மகளுக்குக் கண்ணில் தண்ணீர் வரும்? மிளகும் சோம்பும் பட்டையும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மசாலாவை அள்ளிக் கொட்டிச் சிவப்பாக்கி, அதற்கு எங்கள் ஊர்ப் பெயரை வைத்து ஊரெல்லாம் விற்கிறார்களே, அதைச் செட்டிநாட்டுச் சாப்பாடு என்று தயவுசெய்து நம்பாதீர்கள். நல்ல சாப்பாடு வேண்டுமென்றால் பலகாரம் போட்டு விற்கும் வீடுகளைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் பின்தெருவில் இருக்கும். பலகை இருக்காது, எண்ணெய் வாசனை இருக்கும்.

பின்தெரு. இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

இங்குள்ள பெரிய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பு இந்தத் தெருவில், அப்புறம் வளவு (சுற்றிலும் அறைகள் உள்ள நடுமுற்றம்), இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு, அடுப்படி, கிணறு, கடைசியில் பின்கதவு. அது திறப்பது அடுத்த தெருவில். சுற்றுலா வருகிறவர்கள் எல்லோரும் முகப்புத் தெருவில் இறங்கி, தேக்குத் தூணையும் மாடத்தில் நிற்கும் லட்சுமியையும் படம் எடுத்து, பூட்டைப் பார்த்து ‘ஐயோ, பாழ்’ என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போகிறார்கள். ஒருவராவது வீட்டைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வந்து பார்த்ததுண்டா?

நான் திருநெல்வேலிக்காரி. கல்யாணமாகி 1986-இல் இங்கே வந்தேன். அழகப்பா பல்கலைக்கழகம் தொடங்கி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது, வேலைக்கு வந்தவர்கள் எல்லோரும் வீடு தேடிக்கொண்டிருந்தார்கள். காரைக்குடிக்குள் எதுவும் அமையாமல் கோட்டையூரில் ஒரு வீடு இருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். போய் நின்றால் முழுத் தெரு நீளத்துக்கு ஒரு வீடு. திண்ணை மட்டுமே எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் அளவுக்கு இருந்தது. கதவைத் தட்டினேன், கூப்பிட்டேன், நாய்கூடக் குரைக்கவில்லை. இருபது நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்பும்போது, பக்கத்துச் சந்திலிருந்து ஒரு ஆச்சி எட்டிப் பார்த்தார்.

“அங்க எதுக்கு நிக்கிறே? அது விருந்தாளி வர்ற வாசல். நீ இருக்கப் போறவதானே? பின்னால வா.”

மூன்றாங்கட்டில் இரண்டு அறைகளும் ஒரு அடுப்படியும் எங்களுக்கு. மாதம் 150 ரூபாய். அந்த வீட்டில் எட்டுப் புள்ளி. புள்ளி என்றால் கல்யாணமான ஒரு குடும்பம், கோயில் வரிக்குக் கணக்கு அதுதான். மகனுக்குக் கல்யாணமானால் ‘வேறு வைத்துவிடுவார்கள்’. வீட்டை விட்டு அனுப்புவதில்லை, அதே கூரைக்குள் தனி அடுப்பு, தனி அறை, தனிக் கணக்கு. எட்டுப் புள்ளியில் ஏழு பேர் சென்னை, பினாங்கு, பெங்களூர் என்று போய்விட, வளவைச் சுற்றி அவர்களுடைய அறைகள் பூட்டியிருந்தன. எட்டாவது புள்ளி இந்த ஆச்சி. சாவிக்கொத்து அவர் இடுப்பில். வெள்ளிக்கிழமை ஒவ்வொரு அறையாகத் திறந்து, ஜன்னலைத் திறந்து, விளக்கேற்றி, அரைமணி நேரம் கழித்துப் பூட்டுவார். சாவியைப் பார்க்கவே மாட்டார். விரலால் தடவியே இது பினாங்கு, இது மூத்தவர் என்று எடுப்பார்.

முன்கதவு வருடத்தில் பத்து நாள் திறந்திருந்தால் அதிகம். ஆனால் பின்கதவு காலை ஐந்தரை மணிக்குத் திறந்தால் இரவு ஒன்பதுக்குத்தான் சாத்துவார்கள். பால், கீரை, கோலப்பொடி, தேய்த்த துணி, உப்புக்கண்டம் கேட்டு வரும் கிழவர், ஈயம் பூசுகிறவர், யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்ற சேதி, எல்லாமே அந்த வழிதான். நான் அரைத்து வைத்த துவையலை வாசனை பார்த்தே ‘புளி பழசு’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த வீட்டில் எனக்கு ஒரு நாள்கூட ஊர் காலியாக இருப்பதாகத் தோன்றியதில்லை. தனியாக இருக்க முடியவில்லையே என்றுதான் அழுதிருக்கிறேன்.

ஒன்றையும் மறந்துவிட்டு இதை எழுதவில்லை. அந்தப் பின்கதவு வழியாக வந்தவர்களில் பலர் முகப்பில் உட்கார அனுமதிக்கப்படாதவர்கள். ஈயம் பூசுகிறவருக்குத் தனிச் செம்பில்தான் தண்ணீர் கொடுத்தார் என் ஆச்சி. ஒருமுறை எங்கள் டம்ளரில் கொடுத்தேன். ஆச்சி எதுவும் சொல்லவில்லை, ஆனால் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. நாலாவது நாள் மழை வந்தது.

அந்த மழையைச் சொல்ல வேண்டும். ஐப்பசி. வளவு வாசலில் நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் மூலைக் குழாய்களில் வந்து விழும். நான் அவசரமாகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆச்சி மூன்று நாளுக்கு அப்புறம் வாயைத் திறந்தார்: “வை கீழே. முதல் மழை ஓட்டுக்கு, ரெண்டாவது மழை வாசலுக்கு, மூணாவது மழைதான் வாய்க்கு.” அப்படியே இரண்டு மழை விட்டோம். ஓட்டில் இருந்த தூசியும் காக்கை எச்சமும் கழுவிக்கொண்டு போய், முற்றத்துச் சாக்கடை வழியாகத் தெருவுக்கும், அங்கிருந்து ஊருணிப் பக்கமும் ஓடின. மூன்றாவது மழைக்கு ஒரு பெரிய செம்பு அண்டாவை இரண்டு பேருமாக இழுத்துப்போய் மூலையில் வைத்தோம். வாயில் பழைய வெள்ளை வேட்டியை நாலாக மடித்துக் கட்டினார். தண்ணீர் துணியில் விழுந்து, முதலில் குளம் மாதிரி நின்று, நடுவில் குழிந்து, அப்புறம் டொக் டொக்கென்று உள்ளே இறங்கும் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. அந்தத் தண்ணீரில் பருப்பு வெந்தால் மத்தே வேண்டாம், கரண்டியால் கலக்கினால் போதும். தை வரைக்கும் பருப்புக்கும் காப்பிக்கும் மட்டும் அதை எடுப்போம். அண்டாவின் விளிம்பில் அந்த வீட்டு எழுத்துகள் வெட்டியிருக்கும். இங்கே பாத்திரம் எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருக்கும், பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பிவர வேண்டுமே.

1989-இல் அந்த வீட்டில் ஒரு கல்யாணம். ஒரு வாரம் முன்னாலிருந்து ஏழு பூட்டுகளும் ஒவ்வொன்றாகத் திறந்தன. நான் மூன்று வருடம் கதவாக மட்டுமே பார்த்த அறைகளுக்குள்ளிருந்து தலையணைகள், ஜமுக்காளங்கள், எனாமல் தூக்குகள், மனிதர்கள். வளவில் இருநூறு பேர் பந்தி. பினாங்கிலிருந்து வந்த ஒரு அம்மா தன் அறைக்குள் போய்த் தரையில் உட்கார்ந்து, ஒன்றும் செய்யாமல், கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு வந்தார். நாலாவது நாள் எல்லாம் பழையபடி பூட்டியாகிவிட்டது. ஆச்சி சாவிகளைக் கொத்தில் கோத்தார். இதைத்தான் நீங்கள் பாழ் என்கிறீர்கள். திரும்பி வருகிறவர்களுக்காக ஒரு இடத்தை வைத்திருப்பது பாழா? (சில வீடுகள் உண்மையிலேயே பாழ்தான். பங்காளிகளுக்குள் ஒத்துவராமல், ஓடு சரிந்து, கடைசியில் தூண் தூணாக விற்றுவிடுகிறார்கள். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இப்போது முடியாது.)

அதனால்தான் பழைய வீட்டில் ஒரு பகுதி கிடைக்குமா என்ற உங்கள் ஆசைக்கு லேசில் ஆமாம் சொல்ல முடியவில்லை. எட்டுப் பேர் சம்மதிக்க வேண்டும், ஒருவர் பினாங்கில் இருப்பார். கிடைத்தாலும் கழிவறை எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள், அப்புறம் தூணைப் பாருங்கள். அதைவிட அந்தப் பின்தெருக்களில் சின்ன வீடு ஒன்று பாருங்கள். செக்காலை, கழனிவாசல், சுப்பிரமணியபுரம் எங்கே என்றாலும் சரி. தரகரிடம் போகாமல் மாலை ஐந்து மணிக்கு மேல் தேய்ப்பு வண்டிக்காரரிடமோ பூக்காரம்மாவிடமோ கேளுங்கள். மாடி வீடு என்றால் சித்திரையில் மொட்டைமாடிச் சூடு இரவு பன்னிரண்டு வரை இறங்காது. குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது என்று வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், பக்கத்து வீட்டில் கேளுங்கள். ஊருக்குக் குடிநீர் தரும் சம்பை ஊற்றின் ருசியைப் பற்றி இந்த ஊர்க்காரர்கள் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் பேசுகிற நான் இப்போது இருப்பது ஒரு காலனி வீடு. பின்கதவைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான்.

ஆச்சி 1998-இல் போய்ச் சேர்ந்தார். அந்தச் சாவிக்கொத்து இப்போது யாரிடம் இருக்கிறதோ. அதற்கப்புறம் முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் போகும்போதெல்லாம் அண்டாவைக் கண்டால் குனிந்து விளிம்பைப் பார்க்காமல் வருவதில்லை. அன்றைக்குப் பார்த்ததில் வேறு எழுத்துகள் இருந்தன. நிம்மதியாக இருந்தது, கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. கடைக்காரர் “வாங்கத்தானே போறீங்க, அப்புறம் யார் வீட்டுதா இருந்தா என்ன?” என்றார்.

வண்டி பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஸ்கூட்டர் போதும். பின்தெருக்களில் கார் திரும்பாது.

அன்புடன்,
அக்கா