மாத்திரையும் வேண்டும், கூட நடக்க ஆளும் வேண்டும்

கேள்வி: அப்பாவுக்கு 70 வயது. அம்மா இறந்த பிறகு வெளியே போவதே இல்லை. சரியாகச் சாப்பிடுவதில்லை, விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொள்கிறார். டாக்டர் மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்து, நடக்கவும் சொன்னார். "போய் நடங்கப்பா" என்றால் எரிந்து விழுகிறார். நடந்தாலே சரியாகிவிடும், மாத்திரை எதற்கு என்கிறார் அத்தை.
- பெயர் வேண்டாம், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: அத்தை அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது பலன் தரவே சில வாரங்கள் ஆகும். திடீரென விட்டால் தலைசுற்றல், பதற்றம் வரலாம்.

நடையும் லேசுப்பட்டதல்ல. 1999-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வெளியானது. மனச்சோர்வு உள்ள, 50 வயதும் அதற்கு மேலும் ஆன 156 பேரில் ஒரு பிரிவுக்கு உடற்பயிற்சி, ஒன்றுக்கு மாத்திரை, இன்னொன்றுக்கு இரண்டும். 16 வாரங்களில் மூன்று பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவு தேறினார்கள். மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்குக் குணம் சீக்கிரம் தெரிந்தது. ஒன்றைக் கவனியுங்கள்: பயிற்சி செய்தவர்கள் தனியாகச் செய்யவில்லை. வாரம் மூன்று நாள், மேற்பார்வையில், சேர்ந்து செய்தார்கள்.

உங்கள் வீட்டில் குறைவது அதுதான். அப்பா காட்டுவது பிடிவாதம் இல்லை மகளே, எழுந்து செருப்பு மாட்டும் தெம்பையே இந்த நோய் பறித்துவிடுகிறது. மனசு வரட்டும், நடக்கலாம் என்று காத்திருந்தால் நாள்தான் போகும். நடக்க நடக்கத்தான் மனசு வரும். அதனால் "வாங்கப்பா, கடை வரைக்கும் போயிட்டு வரலாம்" என்று கூடவே கிளம்புங்கள். முதலில் பத்து நிமிடம் போதும். பாதியில் திரும்பலாம் என்றால் திரும்பிவிடுங்கள். அப்புறம் மஞ்சக்குப்பம் மைதானம், ஞாயிற்றுக்கிழமை தேவனாம்பட்டினம் கடற்கரை. மணலில் கால் புதைந்து முட்டி வலிக்கும், சாலையிலேயே நடக்கட்டும். பழைய சிநேகிதர் ஒருவரை வரச்சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது. மகளிடம் சொல்லாததை அவரிடம் சொல்வார். வாரத்துக்கு 150 நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மெல்லப் போய்ச் சேரலாம்.

நெஞ்சுவலி, மூச்சிரைப்பு இருந்தால் முதலில் டாக்டரைக் கேளுங்கள். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர் என்றால் வெறும் வயிற்றில் நடக்க வேண்டாம். தைராய்டு, பி12 பரிசோதனை ஆகிவிட்டதா என்றும் கேளுங்கள், அவை குறைந்தாலும் இப்படிச் சோர்வு வரும்.

"நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்பதுபோல் அவர் பேசினால் மட்டும் நடையை ஒதுக்கிவையுங்கள். தனியாக விடாமல் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். 14416, அரசின் இலவச மனநல உதவி எண் (டெலிமானஸ்), ராத்திரியிலும் தமிழில் பேசலாம். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது.